வங்கியில் 18 லட்சம் இருந்தும் தெருவிளக்கு ஏன் எரியவில்லை?

கேள்வி திருவாரூர்ப் பக்கத்துக் கிராம ஊராட்சி ஒன்றைப் பற்றியது. கிராம சபையில் வங்கி இருப்பு 18 லட்சம் ரூபாய் என்று வாசித்திருக்கிறார்கள். அதே கூட்டத்தில், மின்வாரியப் பாக்கியைக் கட்டவோ எரியாத தெருவிளக்கை மாற்றவோ பணமில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். யாரோ பொய் சொல்கிறார்களா, அல்லது ஒன்றிய அரசும் மாநில அரசும் போடும் உத்தரவுகளால் இப்படி ஆகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் பார்க்காமல் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஊராட்சிக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்யப்பட்டே வருகிறது. ஊராட்சி தலையில் விழும் கடமைகளில் பல, பணம் இல்லாமலே வருகின்றன. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் அந்த 18 லட்சத்தின் கதை புரியும்.

முதலில் வங்கிக் கணக்குகள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஒரே கணக்கில் எல்லாப் பணமும் கிடப்பதில்லை. முதல் கணக்கு பொது நிதி. வீட்டுவரி, தொழில்வரி, குத்தகை வருமானம், மாநில நிதிக்குழு (மாநில வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைக்கும் குழு) மானியம் ஆகியவை இதில் சேரும். இரண்டாம் கணக்கு மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் ஒதுக்கி வைப்பது. திட்டப் பணமும் ஒன்றிய நிதிக்குழு மானியமும் தனியே நிற்கும். கிராம சபையில் வாசிக்கும் ‘மொத்த இருப்பு’ இவை எல்லாவற்றின் கூட்டுத்தொகை என்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கணக்குவாரியாக வாசிக்கச் சொல்லுங்கள். 18 லட்சத்தில் 15 லட்சம், குறித்த வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டிய நிதிக்குழு மானியமாக இருந்தால், தெருவிளக்குக்குக் கைவைக்கக்கூடிய பணம் உண்மையிலேயே சொற்பமாகத்தான் இருக்கும்.

அடுத்தது அந்த மானியத்துக்குள் இருக்கும் பூட்டு. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அந்த ஐந்தாண்டுக்கான விதிப்படி இதில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது. பாதி, அதாவது 30 சதவீதம், குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மற்ற 30 சதவீதம் தூய்மைப் பணிக்கும் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத நிலையைக் காப்பதற்கும். மீதி 40 சதவீதம் ஊராட்சி தன் தேவைக்குச் செலவழிக்கலாம். அதிலும் சம்பளமும் அலுவலக நிர்வாகச் செலவும் போடக் கூடாது. ஊராட்சிக்கு ஓராண்டில் 10 லட்சம் வந்தால் 3 லட்சம் தண்ணீருக்கு, 3 லட்சம் குப்பைக்கும் கழிவுக்கும், 4 லட்சம் மற்ற வேலைக்கு. டேங்க் ஆபரேட்டருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஊதியம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும்.

அதனால்தான் பல ஊர்களில் குப்பை பிரிக்கும் கொட்டகை புத்தம் புதிதாக நிற்கிறது, பேட்டரி வண்டி ஓட்ட ஆள் இல்லை. கொட்டகை கட்டவும் வண்டி வாங்கவும் பணம் வருகிறது. ஓட்டுபவரின் மாதக் கூலி, மூன்று நான்கு வருடத்தில் தேய்ந்துபோகும் பேட்டரியின் விலை இரண்டையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஊராட்சி ஊதாரித்தனமாக இருந்ததால் வந்த குறை இல்லை இது. மானியத்தை வடிவமைக்கும்போதே உள்ளே புகுந்துவிட்ட குறை.

கட்டுண்ட நிதியில் ஒரு சந்து இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. குடிநீர், தூய்மை இரண்டில் ஒன்றின் தேவை முழுமையாக நிறைவேறிவிட்டது என்றால், அதற்குரிய பங்கை மற்றதற்குச் செலவழிக்க விதி இடம் தருகிறது. கிராம சபையில் அதைப் பதிவு செய்து தீர்மானம் போட வேண்டும், வாய்மொழியாகச் சொன்னால் தணிக்கையில் நிற்காது. அதேபோல் குடிநீர்ப் பங்கைப் புது வேலைக்கு மட்டும்தான் எடுக்க முடியும் என்று நினைப்பதும் தவறு. எரிந்த மோட்டாரைச் சரிசெய்வது, உடைந்த குழாயை மாற்றுவது போன்ற பராமரிப்புக்கும் அதில் எடுக்கலாம். ஆனால் வேலை, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்று இ-கிராம் ஸ்வராஜ் என்ற ஒன்றிய அரசின் இணையதளத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வேலைக்குப் பணம் விடுவிக்க முடியாது. இங்கேதான் கோடையில் சிக்கல் வரும். அக்டோபர் 2 கிராம சபையில் ‘சிமெண்ட் சாலை, சிமெண்ட் சாலை’ என்று எழுதிவிட்டு வருவார்கள். மே மாதம் மோட்டார் காயில் எரியும்போது திட்டத்தில் பராமரிப்பு என்ற வரியே இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் ‘குடிநீர் இயக்கமும் பராமரிப்பும்’ என்று ஒரு வேலையைத் திட்டத்தில் போட்டு வைப்பது இதற்கு எளிய தடுப்பு.

இனி மின்கட்டணத்துக்கு வருகிறேன். டெல்டா ஊராட்சிகளை அதிகம் அழுத்துவது இதுதான் என்பது என் கணிப்பு. கட்டண விகிதத்தை ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. தண்ணீர் கொடுப்பதும் விளக்கு எரிப்பதும் ஊராட்சியின் சட்டக் கடமை. விகிதம் ஏறினால் கூடவே மானியம் ஏறும் என்று எந்த விதியும் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 3.73 கிலோவாட். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 30 யூனிட், மாதத்துக்கு 900. இப்படி மூன்று மோட்டார் இருந்தால் 2,700 யூனிட். 20 வாட் எல்இடி விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 7.2 யூனிட், 200 விளக்குக்கு 1,440 யூனிட். மொத்தம் 4,140. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 33,120 ரூபாய், வருடத்துக்கு நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வரவுப் பக்கம்: 600 குழாய் இணைப்பு, மாதம் 30 ரூபாய் என்றால், ஒரு வீடு விடாமல் வசூலித்தாலும் 2,16,000. பாதி வீடுகள் கட்டாமல் விட்டால் ஒரு லட்சம் சொச்சம்தான். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் சுமை. ஒரு சிறிய ஊராட்சியின் வீட்டுவரி வருமானம் முழுவதையும் இது விழுங்கிவிடக்கூடும்.

இதே இடத்தில்தான் ஜல் ஜீவன் திட்டத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட திட்டம். வீட்டுக்கு வீடு குழாய், தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நல்ல நோக்கம், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். கட்டுமானச் செலவை ஒன்றிய, மாநில அரசுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. கிராமத்துக்குள் நடக்கும் கட்டுமானத்தில் மக்கள் பங்களிப்பு 10 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் 5 சதவீதம். குழாய் போட்டு முடித்த மறுநாளிலிருந்து இயக்கமும் பராமரிப்பும் ஊராட்சியின் பொறுப்பு. தெருக்குழாய் 40 இருந்த ஊரில் வீட்டிணைப்பு 600 ஆனால் மோட்டார் ஓடும் நேரம் கூடும், கசிவு கூடும், ஆபரேட்டர் வேலை கூடும். இந்தத் தொடர்செலவுக்கு நிரந்தர வழி குடிநீர்க் கட்டணம் மட்டுமே. அதை உயர்த்தும் தீர்மானத்தைக் கிராம சபையில் கொண்டுவர எந்தத் தலைவருக்கும் மனம் வராது.

கடற்கரை ஓரத்தில் நிலைமை இன்னும் கடினம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. கொள்ளிடத்திலிருந்து நீர் எடுத்து வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத்தான் நம்ப வேண்டும். குடிநீர் வடிகால் வாரியம் கிலோலிட்டர் கணக்கில் ஊராட்சிக்குக் கட்டணம் போடும். உள்ளூரில் போர் போட்டுச் செலவைக் குறைப்போம் என்ற வழியே அங்கே கிடையாது.

இப்படிச் செலவைக் கூட்டும் உத்தரவுகள் ஒரு பக்கம். சத்தமில்லாமல் பணத்தின் மதிப்பைக் குறைக்கும் உத்தரவுகளும் உண்டு. ஜிஎஸ்டி அப்படிப்பட்டது. உள்ளாட்சிகளுக்குச் செய்யும் ஒப்பந்தப் பணிகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் ஆனது. வரி உள்பட 10 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் ஒரு சிமெண்ட் சாலை என்றால், முன்பு வேலையின் மதிப்பு 8,92,857 ரூபாய். 18 சதவீதத்தில் அது 8,47,458. மானியம் அதே 10 லட்சம், சாலையில் 45,000 ரூபாய் வேலை காணாமல் போனது. ஒரு தொழிற்சாலை, மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறும், ஊராட்சிக்கு அந்த வசதி இல்லை. கட்டியது கட்டியதுதான். இதோடு கட்டுமானத் தொழிலாளர் நலவரி 1 சதவீதமும் சேரும். ஊர்க்காரர்கள் ‘10 லட்சம் சாங்ஷன் ஆச்சு, சாலை ஏன் இவ்வளவு தூரத்தோடு நின்னுபோச்சு’ என்று கேட்கும்போது மதிப்பீட்டில் இந்த வரிகளைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். காட்டாததால்தான் சந்தேகம் வளர்கிறது.

ஒப்பந்ததாரருக்குப் பணம் தரும்போது வரிப் பிடித்தம் செய்வதிலும் கவனம் தேவை. ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தம். ஒப்பந்ததாரர் தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2 சதவீதம் வருமானவரிப் பிடித்தம். பிடித்தது ஊராட்சிப் பணமல்ல, மறுமாதமே செலுத்த வேண்டும். ஜிஎஸ்டி பிடித்தப் படிவத்துக்கு மறுமாதம் 10ஆம் தேதி கெடு. வருமானவரிப் பிடித்தப் (டிடிஎஸ்) படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும். பிடித்த வரித் தொகையைத் தாண்டாது என்றாலும், 100 நாள் மறந்தால் 20,000 ரூபாய் வரை போகலாம், அதுவும் பொது நிதியிலிருந்து.

இதுபோல, பிறருக்காக வசூலித்துத் தர வேண்டிய பணம் இன்னொன்றும் இருக்கிறது: நூலக வரி. வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 பைசா. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது. பொது நிதியிலேயே கிடக்கவிட்டுச் செலவழித்துவிட்டால் சில ஆண்டுகளில் பெரிய பாக்கியாகத் தணிக்கையில் வந்து நிற்கும்.

சொந்த வருமானத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து அறிவுரை வருவது எளிது. ஆனால் எந்த வரியைப் போடலாம் என்பதை அரசியலமைப்பின் 243எச் பிரிவு மாநில சட்டமன்றத்திடம் விட்டிருக்கிறது. ஊராட்சி தானாக ஒரு புது வரியைக் கண்டுபிடிக்க முடியாது. இருக்கும் வரிகளுக்கும் மேலே கூரை உண்டு. தொழில்வரியைப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்பது 1988இல் வந்த அரசியலமைப்புத் திருத்தம். அன்றைய 2,500 இன்றைக்கும் 2,500தான். ஒன்றிய அரசின் கட்டடங்களுக்கு 285ஆவது பிரிவுப்படி வரி போட முடியாது, ரயில் நிலையம் ஊருக்குள் இருந்தாலும் சேவைக் கட்டணம் கேட்டுப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை.

டெல்டாவுக்கென்றே உள்ள நெருக்கடி ஒன்று உண்டு. இங்கே செல்வம் வயலில் இருக்கிறது, வயலுக்கு ஊராட்சி வரி போட முடியாது. நிலவரி மாநிலத்துடையது, அதோடு ஒட்டி வரும் தலவரிதான் உள்ளாட்சிக்கு. 2017 ஜனவரியில் வறட்சி அறிவிக்கப்பட்டு நிலவரி முழுவதும் தள்ளுபடியானபோது விவசாயிக்குக் கிடைத்த நியாயமான நிவாரணம் அது. ஆனால் நிலவரியை நம்பியிருக்கும் தலவரிக்கும் அந்த ஆண்டு அடிப்படை போயிற்று. 2020இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் அதையொட்டிய சில வட்டாரங்களிலும் எண்ணெய், மீத்தேன் ஆய்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றுக்குப் புதிதாக இடமில்லை என்றது. மண்ணையும் நீரையும் காக்க அது அவசியம் என்றே நானும் கருதுகிறேன். அதே சமயம், தொழிற்சாலைக் கட்டட வரி, தொழில்வரி, உரிமக் கட்டணம் என்று மற்ற மாவட்டத்து ஊராட்சிகள் பெறும் வருமானம் இங்கே வளர வழியில்லை. நாட்டுக்கு நெல் தருவதற்காக இந்த ஊர்கள் விட்டுக்கொடுக்கும் வருவாயை நிதிக்குழுக்களின் பங்கீட்டுச் சூத்திரத்தில் தனியாக எண்ணி ஈடுகட்ட வேண்டும். மாநில நிதிக்குழு முன் வைக்க வேண்டிய வலுவான வாதம் இதுதான்.

நேரடி நெல் கொள்முதல் நிலையமும் இதில் சேரும். குறுவைக்கு அக்டோபரிலும் சம்பாவுக்கு ஜனவரி, பிப்ரவரியிலும் மூட்டை ஏற்றிய லாரிகள் ஊராட்சித் தெரு வழியாகத்தான் போகும். பல இடங்களில் திறந்தவெளிக் களம்தான், வரி போடக் கட்டடமே கிடையாது. உடையும் தெரு ஊராட்சியுடையது.

பிற வருமானம் ஆற்றுநீரோடு கட்டுண்டது. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் மீன்பாசி குத்தகை நல்ல விலைக்குப் போகும். தண்ணீர் பிந்தினால் ஏலம் கேட்க ஆள் வராது. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயலில் விழுந்த மரங்களோடு, பல ஊராட்சிகளின் மரக் குத்தகை வருமானமும் போனது. சொத்துப் பதிவின்போது வசூலாகும் 2 சதவீதக் கூடுதல் தீர்வை உள்ளாட்சிக்கு உரியது. என்றாலும் வசூலிப்பதும் பங்கிடுவதும் மாநிலம் என்பதால் எப்போது எவ்வளவு வரும் என்று வரவு செலவுத் திட்டத்தில் உறுதியாக எழுத முடியாது.

எல்லாவற்றையும் விடக் கடுமையாக அடிப்பது, ஊராட்சியின் கையில் இல்லாத காரணத்துக்காக மானியமே நின்றுபோவது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான் ஒன்றிய நிதிக்குழு மானியம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒன்றிய அரசு மானியத்தை நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாதது ஊராட்சியின் குற்றமல்ல, தண்டனை மட்டும் ஊராட்சிக்கு. டெல்டா மாவட்டங்களில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஆக, அதே ஆபத்து மறுபடியும் வாசலில் வந்து நின்றது. இதோடு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் இணையத்தில் வெளியிட்டிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஒன்றிய அரசிடமிருந்து வந்த மானியத்தை மாநிலம் 10 வேலை நாளுக்குள் விடுவிக்க வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும் என்ற விதியும் உண்டு. இதை ஊராட்சிகள் கேட்டுப் பெற வேண்டும்.

நகரங்களுக்கு இதே நிபந்தனை முறை வேறு விதத்தில் வந்தது. மானியம் வேண்டுமானால் சொத்துவரிக்குக் கீழ்வரம்பு நிர்ணயிக்க வேண்டும் என்றது 15ஆவது நிதிக்குழு. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்துவரியை உயர்த்தியபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. தஞ்சாவூர், கும்பகோணத்தில் வீட்டுக்காரர் கட்டிய கூடுதல் வரிக்குப் பின்னால் டெல்லி நிபந்தனையும் இருந்தது.

அமெரிக்காவில் 1995இல் ஒரு சட்டம் போட்டார்கள்: மாநிலங்கள் மேலும் உள்ளாட்சிகள் மேலும் பெரும் செலவுக் கடமையைச் சுமத்தும் மசோதா வந்தால், அதன் செலவை முன்கூட்டியே மதிப்பிட்டு நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று. அது மசோதாவைத் தடுக்காது, செலவை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். நம்மிடம் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஒரு சுற்றறிக்கை போதும், மறுமாதம் ஊராட்சிக்குப் புதுச் செலவு.

உங்கள் ஊரில் என்ன செய்யலாம்? அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கணக்குவாரி இருப்பு. பொது நிதிச் செலவைக் காட்டும் படிவம் 30, அதைச் சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும், சுருக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பிறகு மின்வாரியம், குடிநீர் வாரியம், நூலக வரி ஆகியவற்றின் நிலுவை. இந்த நிலுவையைப் பொது நிதி இருப்பிலிருந்து கழித்துப் பாருங்கள். பல ஊராட்சிகளில் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். உண்மையான நிதிநிலை அதுதான்.

அதன்பின் மின்செலவு. ஒவ்வொரு மின் இணைப்பு எண்ணையும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பாருங்கள். வற்றிப்போன போர், எப்போதோ நிறுத்திய மோட்டார் ஆகியவற்றின் இணைப்பு இன்னும் உயிரோடு இருந்து கட்டணம் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். எழுதிக் கொடுத்துத் துண்டிக்கலாம். பகலில் எரியும் விளக்குக்கு டைமர் சுவிட்ச் போட்டால் போட்ட காசு விரைவில் திரும்பும்.

வருவாய்ப் பக்கம், தொழில்வரியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், வங்கி, கூட்டுறவுச் சங்க ஊழியர்கள் எல்லோரும் வருடத்துக்கு இருமுறை தொழில்வரி கட்ட வேண்டும். அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டுக்கு 1,250. பத்து ஆசிரியர்கள் உள்ள ஒரு பள்ளியிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 25,000 ரூபாய். சம்பளம் போடும் அலுவலகம் நகரத்தில் இருந்தால் வரியும் அங்கேயே போய்விடுவதுண்டு. பணியிடம் எந்த ஊராட்சியில் இருக்கிறது என்று காட்டி, சம்பளம் போடும் அலுவலருக்கு ஊராட்சியிலிருந்து கேட்புக் கடிதம் போக வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர் அரையாண்டுக்கு ஆகஸ்டுக்குள்ளும், அக்டோபர்–மார்ச் அரையாண்டுக்குப் பொங்கல் முடிந்த கையோடும் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் நல்லது. பிடித்தம் செய்து கட்டிய பிறகு திருப்பிக் கேட்பது நெடுங்கால வேலை.